புதன்கிழமை ஈரல்

பாட்டிலைக் கழுவிக் காயவைத்துத்தான் போட்டேன், டாக்டரம்மா. ஊறுகாய் வாசனை வராது. மூடியில் மட்டும் சிவப்பாகத் தெரிவது எண்ணெய்க் கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

நீங்கள் எண்ண வேண்டியதில்லை. ஐந்நூற்று இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாமே யூரிக் ஆசிட் மாத்திரைதான், வேறெதுவும் கலக்கவில்லை. அட்டையிலிருந்து பிரித்துப் போட்டதற்குக் காரணம், காலி அட்டை அவர் கண்ணில் பட வேண்டும் என்பதுதான். குப்பைக்கூடையில் அதைப் பார்த்தால் அவருக்கு ஒரு திருப்தி. "மாத்தர தவறாமதான் போட்டுக்கினு கீறேன், ஆனாலும் இந்த வலி வுட மாட்டேங்குது பாரு" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

வீட்டில் இருக்கிற மாத்திரைகளை எல்லாம் எடுத்துவரும்படி நேற்று நர்ஸிடம் சொல்லியனுப்பினீர்கள். எல்லாம் என்றால் இதுவும்தான் என்று நினைத்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது, எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். தியாகதுருகம் வரை நின்றுகொண்டுதான் வந்தேன். பாட்டில் உடையாமல் இருக்கப் பையை மார்போடு பிடித்துக்கொண்டேன்.

பதினாலாம் கட்டில், பகலவன், ஐம்பத்திரண்டு வயது. நான் அவருடைய மனைவி அம்சவள்ளி. இது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதிக்கொள்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். தினமும் மாத்திரை போடுகிற ஒருவருக்கு யூரிக் ஆசிட் எப்படி இவ்வளவு ஏறும், சிறுநீரகம் இரண்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம் போகும் என்று நேற்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு நீங்களே தலையை ஆட்டிக்கொண்டீர்கள். பாவம், சின்ன வயதுப் பெண், தெரியாமல் குழம்புகிறீர்களே என்று இருந்தது.

இந்த மாத்திரைக்குப் பதிலாக அவர் போட்டது கால்சியம் மாத்திரை. கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பார்களே, வெள்ளையாக, கிட்டத்தட்ட இதே அளவில். மகள் பிரசவத்துக்கு வந்தபோது மிச்சமானது. தீர்ந்த பிறகு கடையில் வாங்கினேன். உடம்புக்குக் கெடுதல் வராததாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லையென்றால் தப்பாகப் புரிந்துவிடும்.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதக் காலையில்தான் அது முதலில் வந்தது. அவர் அப்போது சொந்தமாகக் குட்டி யானை லோடு வண்டி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். கல்வராயன் மலைக்கு ஏறி, வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, ஆத்தூர் மில்லுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். அன்றைக்கு வண்டியை எடுக்கப் போனவர் போன வேகத்தில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். வலது கால் கட்டைவிரல். ஆக்சிலேட்டரை மிதிக்கிற கால். விரலின் அடிமூட்டு தக்காளிப் பழம் மாதிரி சிவந்து பளபளத்தது. மேலே போர்வையைப் போட்டேன், போர்வையின் கனம் தாங்காமல் கத்தினார்.

சுளுக்கு என்றார்கள். எதிர்வரிசையில் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் நல்லெண்ணெய் விட்டு உருவினார். இவர் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கமலா ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் காலில் எது வந்தாலும் ஆட்டுக்கால் சூப்தான். எலும்பு முறிந்தாலும் அதுதான், பிள்ளை நடக்க நேரமானாலும் அதுதான். மிளகு தூக்கலாகப் போட்டிருந்தாள். இரண்டு சொம்பு குடித்தார். மறுநாள் இடது காலிலும் வந்துவிட்டது.

அப்புறம்தான் டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்ததில் யூரிக் ஆசிட் ஒன்பது புள்ளி நான்கு, ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையில் கூட்டிப் பெருக்கி, கண்ணாடிக் குழாய் கழுவுகிற வேலை பார்க்கிறேன். அங்கே செல்வி என்று ஒரு பெண்தான் பரிசோதனை செய்கிறாள். செந்தமிழ்ச்செல்வி என்பது முழுப் பெயர். அவள்தான் எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ரத்தத்தில் இந்த உப்பு கரையாமல் போனால், உடம்பிலேயே குளிர்ச்சியான இடம் எது என்று பார்த்து அங்கே போய்ப் படியும். பாதம்தான் குளிர்ச்சியான இடம். ஊசி ஊசியாகப் படியும். ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். கண்ணாடி வளையலை நொறுக்கிப் போட்டது மாதிரி மினுமினுத்தது. இப்படி அழகான ஒன்றா ஒரு ஆளைக் கத்தவைக்கிறது என்று ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வருடம் நான் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஈரல், குடல், நெத்திலிக் கருவாடு எதுவும் வீட்டுக்குள் வரவில்லை. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், நானே பாட்டிலில் பிடித்து வண்டியில் வைப்பேன். வலி வந்தால் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி வைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி, யாரும் தடவ விடாமல் பார்த்துக்கொள்வேன். கமலா சூப் கொண்டுவந்தால் வாங்கிக்கொண்டு, அவள் போன பிறகு கொட்டிவிடுவேன்.

ஆனால் அவர் குடிப்பார். அதை நிறுத்த என்னால் முடியவில்லை. லோடு இறக்கிவிட்டு வரும்போது பாக்கெட் சாராயம். குடித்தால் அடிக்கிறவர் இல்லை, அப்படி நினைத்துவிடாதீர்கள். ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டார். வந்து படுத்துக்கொள்வார், காலையில் எழுந்து போய்விடுவார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவர் தெளிவாக இருந்து என்னிடம் பேசிய நேரத்தை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு மாதம்கூட வராது. அவ்வளவுதான் என் குறை. பெரிய குறை என்று சொல்ல முடியாது.

பிறகு அந்த ஜூன் மாதம் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்கள் அப்போது படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். விஷச் சாராயம் குடித்து ஊரில் வீட்டுக்கு வீடு செத்தார்கள்.

அதற்கு முதல் நாள் ஒரு காதுகுத்து வீட்டில் எனக்குத் தெரியாமல் குடல் கறி சாப்பிட்டிருக்கிறார். காலையில் கால் வீங்கிவிட்டது. சாயங்காலம் எங்கள் தெருப் பையன் சிவசங்கர் பைக்கில் வந்து வாசலில் ஹாரன் அடித்தான். குடிக்க இரண்டு பேரும் எப்போதும் சேர்ந்துதான் போவார்கள்.

"இன்னா மாமா, வரலியா? மாப்ள கணக்கா காலு மேல காலு போட்டுக்கினு கீற."

"கால கீழ வெக்க முடியலடா. எனக்கும் ரெண்டு வாங்கியா."

"ரெண்டு இன்னா ரெண்டு, அக்கா மொறைக்குது பாரு. ஒண்ணு வாங்கியாறேன்."

"வாங்கியாந்தா நீயும் இந்தப் பக்கம் வராத" என்று நான் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். நல்ல பையன். தேங்காய் உரித்துத் தருவான், கேஸ் சிலிண்டர் தூக்கிவைப்பான். அன்றைக்கு ராத்திரி அவன் இந்தப் பக்கம் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலையில் அவனுடைய அம்மா ஓடிவந்து, பையனுக்குக் கண் தெரியவில்லை என்றாள். பத்து மணிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மத்தியானம் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர். ஒரு பந்தலுக்கும் அடுத்த பந்தலுக்கும் நடுவில் நடக்க இடமில்லை. ஒரு வீட்டு மேளம் நின்றால் அடுத்த வீட்டு மேளம் ஆரம்பிக்கும். இவர் உள்ளே இரண்டு தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் அந்தக் காலைப் பார்த்தேன். சிவந்து, பளபளவென்று, சூடாக இருந்தது. அந்த விரல் மட்டும் நன்றாக இருந்திருந்தால் அவரும் பாயில்தான் இருந்திருப்பார். தொட்டால் வலிக்கும் என்பதால் தொடாமல், விளக்கைக் கும்பிடுகிற மாதிரி மேலே கையை வைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். அவரைக் கும்பிட்டேன் என்று நினைத்திருப்பார்.

ஒன்பது நாளில் கால் இறங்கிவிட்டது. பத்தாம் நாள் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். தெருமுனை வரை அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நொண்டவே இல்லை. மற்றவர்கள் மாதிரி இரண்டு காலிலும் சமமாக நடந்து போனார். திரும்பிவந்து, சாப்பிட்ட பிறகு மாத்திரை கேட்டார். நான் கால்சியம் மாத்திரையைக் கொடுத்தேன்.

அன்றைக்கு அவர் போனது சிவசங்கர் வீட்டுக்கு, அந்த அம்மாவைப் பார்த்து ஆறுதல் சொல்ல. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோது மாத்திரையை மாற்றியாகிவிட்டது.

இதை யாரும் சொல்லித்தரவில்லை. செல்வி செய்யக்கூடாது என்று சொன்னவற்றையே ஒவ்வொன்றாகச் செய்தேன், அவ்வளவுதான். புதன்கிழமைதோறும் ஈரல். கறிக்கடைக்காரர் மற்ற நாளில் ஆட்டு ஈரலை ஓட்டல்களுக்குக் கொடுத்துவிடுவார், புதன்கிழமை எனக்காகத் தனியாக எடுத்துவைப்பார். நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டேன். கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு கரண்டி போட்டால் ருசி கூடும், கருவாடு என்று தெரியாது. தண்ணீரைக் குறைத்தேன். கால் வீங்குகிறது இல்லையா, தண்ணீர் குடித்தால் இன்னும் ஊறும் என்றேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. யாருக்குமே நியாயமாகத்தான் படும்.

கமலா கொண்டுவருகிற சூப்பைக் கொட்டுவதை நிறுத்தினேன். அவள்தான் தெரு முழுக்கச் சொன்னாள்: "இந்தம்மா மாதிரி புருசன பாத்துக்கறவங்க எங்க கீறாங்க? ஈரலு இன்னா, சூப்பு இன்னா. ஒருநாளு மூஞ்சி சுளிச்சி பாத்தது இல்ல." மற்ற பெண்களும் ஆட்டுக்கால் வாங்கினால் ஒரு கிண்ணம் அனுப்பினார்கள். வாரத்தில் இரண்டு நாள் எப்படியும் வந்துவிடும். அவர்களை நீங்கள் குற்றம் சொல்லக்கூடாது. நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள்.

பிறகு இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் அளவு ஏறிக்கொண்டே போகும், ஆனால் வலி வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. மூன்று வாரம் நிஜ மாத்திரையைக் கொடுத்துத் திடீரென்று நிறுத்தினால், ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி, அந்த மாற்றத்திலேயே வலி வந்துவிடுகிறது. பாட்டிலில் எழுநூறு இல்லாமல் ஐந்நூற்றுச் சொச்சம் இருப்பது அதனால்தான். மாதம் ஒருமுறை அவரைக் கடைக்கு ஆட்டோவில் அழைத்துப்போய்ச் செல்வியிடம் ரத்தம் கொடுக்க வைப்பேன். எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் வைத்திருந்தேன். பத்தைத் தாண்ட விட்டதில்லை. பத்தானால் ஒரு வாரம் ஈரலை நிறுத்திவிடுவேன். வலி வந்த நாளுக்குக் காலண்டரில் பென்சிலால் சின்னதாகக் கால் படம் போட்டுவைப்பேன். மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று நாள். அதற்கு மேல் போனால் அவரால் தாங்க முடியாது, குறைந்தால் வண்டியை எடுத்துவிடுவார். ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவருக்கு வலி தெரியக்கூடாது என்பதிலும் கவனமாகத்தான் இருந்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வலி மாத்திரை. கத்தினால் மூன்றாவது. இது மட்டும் தவறியதே இல்லை. வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று நேற்று பேச்சோடு பேச்சாக நீங்கள் சொன்னபோதுதான் தெரிந்தது. தண்ணீரும் கம்மி, அந்த மாத்திரையும் ஜாஸ்தி. எனக்கு அது தெரியாது. நான் பாதத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு வருடம் எங்களுக்கு நல்ல காலம். அவரைக் கேட்டாலும் சொல்வார். நான் வேலை முடிந்து வரும்போது கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். "வந்துட்டியா, அம்சா" என்பார். அதற்கு முன்னால் எனக்காக அவர் காத்திருந்ததே கிடையாது. பாதத்தை மடியில் வைத்து ஐஸ் ஒற்றிக்கொண்டிருக்கும்போது மலையைப் பற்றிச் சொல்வார். வெள்ளிமலை வளைவில் பனி இறங்கினால் வண்டியின் மூக்கே தெரியாதாம். பலாப்பழக் காலத்தில் கண்ணாடியை இறக்கினால் வாசனை வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு ஆத்தூர் வரை இறங்காதாம். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மலை நீலமாகத் தெரியும். நாற்பத்தேழு வயது வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒருமுறைகூட ஏறியதில்லை. அவர் சொல்லச் சொல்ல ஏறி இறங்கிய மாதிரி இருக்கும்.

போன கார்த்திகையில் கால் நன்றாக இருந்த ஒரு வாரம். திடீரென்று சொன்னார்: "அம்சா, ஞாயித்துக்கெழம மலைக்குப் போலாம்டி. வண்டிய தொடச்சி வெச்சிட்டேன். நீ முன்னால குந்திக்கினு வா."

"உங்க காலு?"

"காலு இன்னா காலு. அது நீ சொன்னா கேக்கும்."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பச்சைப் புடவையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்தேன். புளிசாதத்துக்குப் புளி ஊறவைத்தேன். ஆனால் யோசித்தேன். ஒருமுறை மலையேறி ஓட்டிவிட்டால் திங்கட்கிழமை லோடுக்குக் கிளம்பிவிடுவார். வெள்ளி, சனி இரண்டு நாளும் பொடியை இரண்டு கரண்டியாகப் போட்டேன். சனிக்கிழமை கமலாவின் சூப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கால்களையும் கீழே ஊன்ற முடியவில்லை. அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "ஒன்ன கூட்டிக்கினு போணும்னு கீது, இந்தக் காலு வுடமாட்டேங்குதே" என்றார். பரவாயில்லை, இன்னொரு நாள் போகலாம் என்று சொன்னேன். கட்டிய புளிசாதத்தைக் கட்டிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். பச்சைப் புடவையை நான் மாற்றவில்லை. அன்றைக்கு முழுக்க அதிலேயே இருந்தேன்.

நீங்கள் என்னமோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டீர்கள். இவ்வளவு நாளும் அவர் குடித்துக்கொண்டுதான் இருந்தாரா என்றுதானே?

இல்லை, டாக்டரம்மா. அவர் மணிக்கட்டில் ஒரு கயிறு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். வந்த அன்றைக்கு ஊசி ஏற்ற இடம் இல்லை என்று உங்கள் நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தார். வெட்டக்கூடாது என்று இவர் கையை இழுத்துக்கொண்டார். அது முனீஸ்வரன் கோயில் கயிறு. குடியை விடுகிறவர்கள் அங்கே போய்ச் சத்தியம் பண்ணிக் கட்டிக்கொள்வார்கள். சிவசங்கருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தானாகவே போய்க் கட்டிக்கொண்டு வந்தார். கருப்பாக இருந்த கயிறு இப்போது வெளுத்து நூல் மாதிரி ஆகிவிட்டது. அன்றையிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. தீபாவளிக்கு மச்சினன் பாட்டிலோடு வந்தபோதுகூட, "எத்துக்கினு போய்டு, எம் மூஞ்சில முழிக்காத" என்று அனுப்பிவிட்டார்.

ஆமாம், அது எனக்கு அன்றைக்கே தெரியும். கோயிலுக்குக் கூடப் போய்த் தேங்காய் உடைத்ததே நான்தான்.

கயிறு என்ன, ஒரு இழுப்பில் அறுந்துவிடும். கால் அப்படி இல்லை. எத்தனை பேர் கயிறு கட்டிவிட்டு ஆறு மாதத்தில் அவிழ்த்தார்கள் என்று எங்கள் தெருவில் கேட்டுப்பாருங்கள். நான் அவரை நம்பவில்லை என்று இல்லை. நம்பினேன். நம்பினாலும் ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும் இல்லையா?

மாசி மாதம் மகள் மலர்விழி வந்து அவரை மணலூர்பேட்டைக்கு அழைத்துப்போனாள். பதினெட்டு நாள் வைத்துக்கொண்டாள். நான் மாத்திரைகளைக் கவரில் போட்டு, எது எப்போது என்று எழுதித்தான் அனுப்பினேன். ஆனால் அந்த வீட்டில் பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டிருந்தார்கள், கவிச்சி கிடையாது. பேரப்பிள்ளை விளையாட்டாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொண்டுவந்து தாத்தா வாயில் ஊற்றுமாம். எட்டாம் நாள் மலர் போன் பண்ணினாள். "யம்மா, அப்பா ஆத்தங்கர வரிக்கும் நடந்து போய்ட்டு வராருமா. வலி மாத்தரயே வாணாம்னு சொல்லிட்டாரு." அவர் போனை வாங்கி, "இன்னாமோ இங்கத்தி தண்ணி ஒத்துக்கினு கீது, அம்சா. நீயும் வந்துடேன், இங்கயே இருந்துர்லாம்" என்றார்.

எனக்கு வேலை இருக்கிறது என்றேன். திரும்பி வந்த அன்றைக்கு செவ்வாய்க்கிழமை. பஸ்ஸிலிருந்து தானே இறங்கி, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். கமலா கைதட்டினாள். மறுநாள் ஈரல் வறுத்தேன். வெங்காயம் நிறையப் போட்டு, மிளகு இடித்துப்போட்டு. "ஒன் கை பக்குவம் மலருக்கு வரல" என்று சொல்லி முழுவதும் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்குப் புரியாதது. சித்திரையில் கால் வீங்கியது, ஆனால் சிவக்கவில்லை, சுடவில்லை. விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே இருந்தது. முகமும் காலையில் உப்பியிருந்தது. இந்த வீக்கத்தை நான் வரவழைக்கவில்லை. செல்வியிடம் கூட்டிப்போனேன், அவளாகவே சிறுநீரகத்துக்கும் சேர்த்துப் பார்த்தாள். அவள் தாளைப் பார்த்துவிட்டு, "மிசின் தப்பா காட்டுதுக்கா, இன்னொரு தபா எடுத்துர்லாம்" என்றாள். இரண்டாவது தடவையும் அதே எண்தான். மலரே வந்து இங்கே சேர்த்தாள்.

இதுதான் நடந்தது. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது. மாத்திரையை மாற்றியது நான், சாப்பாட்டில் போட்டது நான், தண்ணீரைக் குறைத்தது நான். கையெழுத்துப் போட வேண்டுமானாலும் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. இன்றைக்குக் காலையில் அவர் பாதத்தை மடியில் வைத்துப் பார்த்தேன். டயாலிசிஸ் நான்கு முறை செய்ததில் வீக்கம் எல்லாம் வடிந்து, பள்ளிக்கூடத்துப் பையன் பாதம் மாதிரி மெலிந்திருக்கிறது. நரம்பு தெரிகிறது. கட்டைவிரலின் மூட்டை அழுத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினேன். அவர் முகம் மாறவே இல்லை. "வலிக்கலடி" என்று சிரித்தார். "எவன் வெரலோன்னு கீது. வாயேன், ஆஸ்பத்திரி கேட்டு வரிக்கும் நடந்து பாக்கலாம்." என் தோளைக்கூடப் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவரை அழைத்துப்போக மலர் கார் எடுத்துக்கொண்டு வருகிறாள். மணலூர்பேட்டையிலேயே வைத்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்கு இங்கே அழைத்துவருவாளாம். அவள் நல்ல பெண். ஆனால் அவளுக்கு அப்பாவின் காலைப் பற்றி என்ன தெரியும்? எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் விரல் இடிபடாது, எந்தச் செருப்பு உரசாது, முகத்தைப் பார்த்தே நாளைக்கு வலி வருமா வராதா என்று சொல்ல முடியுமா? ஏழு வருடம் அந்தப் பாதம் என் மடியில் இருந்திருக்கிறது. வலி இல்லாத காலோடு அவரை வெளியே விட்டுவிட்டு அவள் சமையல்கட்டில் நின்றுகொண்டிருப்பாள். யார் பார்ப்பார்கள்?

பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, மிச்சத்தைப் பிறகு எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மட்டும் ஒரு வரி போட வேண்டும். நோயாளி மனைவியின் கவனிப்பிலேயே இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் மலர் மறுக்க மாட்டாள், படித்தவள், டாக்டர் சொன்னால் கேட்பாள். நாளைக்குப் புதன்கிழமை. கறிக்கடையில் சொல்லிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். அவரை என்னோடு அனுப்பிவையுங்கள், டாக்டரம்மா.